மணமானால் பெயரை யார் மாற்றிக்கொள்வது? குடும்பப்பெயர் பற்றி ஒரு எளிய விளக்கம்

திருமணம் நிச்சயமான இருவரைப் பார்த்து, "பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறீர்களா?" என்று யாராவது கேட்டால், கேட்பவரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். பெண்ணின் பக்கம்தான் போகும். அருகில் நிற்கும் ஆணுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்ற எண்ணம் கேட்பவருக்கும் வருவதில்லை, அந்த ஆணுக்கும் வருவதில்லை. இந்த விஷயத்தை இங்கிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது இருவருக்குமான கேள்வி. ஒருவரிடம் மட்டும் கேட்கிறோம் என்றால், மற்றவர் சார்பில் ஊரும் வழக்கமும் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டன என்று பொருள்.

முதலில் அடிப்படை. பிறந்ததும் நமக்கென்று வைப்பது இயற்பெயர். அதோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது குடும்பப்பெயர். படிவங்களில் 'சர்நேம்' என்று கேட்பது இதைத்தான். எல்லாச் சமூகங்களிலும் இது ஒரே மாதிரி இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தந்தையின் இயற்பெயரோடு, சில குடும்பங்களில் தாயின் இயற்பெயரோடு, மகனென்றால் 'சோன்', மகளென்றால் 'டோட்டிர்' என்று சேர்த்துக்கொள்வார்கள். யோன் என்பவரின் மகன் யோன்சோன், மகள் யோன்ஸ்டோட்டிர். அப்பா, அம்மா, மகன், மகள் என்று ஒரே வீட்டில் நால்வருக்கும் நான்கு பின்பெயர்கள் இருப்பது அங்கே சாதாரணம். கல்யாணம் செய்துகொண்டதால் ஒருத்தி வேறொருவரின் மகளாகிவிட முடியாதே! அதனால் பெயர் மாற்றம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு, தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. மணமான பிறகும் இரண்டும் அப்படியே இருக்கும். சீனாவிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடே கடைசிவரை வாழ்கிறார்கள். கணவர் பெயருக்கு மாறுவதுதான் உலக வழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த நாடுகளை ஒருமுறை பார்க்க வேண்டும். அது சில சமூகங்களின் வழக்கம், அவ்வளவுதான்.

'காலங்காலமாக' என்பது எத்தனை காலம்?

பெயர் மாற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே "இது காலங்காலமாக இருப்பதுதானே" என்ற வாக்கியம் வந்து நிற்கும். ஜப்பானை எடுத்துக்கொண்டால் இந்த வாக்கியம் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று தெரியும். அங்கே சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியதே 1875இல்தான். அடுத்த ஆண்டு, 1876இல், மணமான பெண் எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அரசு சொன்ன பதில், 'பிறந்த வீட்டுப் பெயரில்' என்பது. 1898இல் வந்த குடிமைச் சட்டம்தான் மனைவியைக் கணவர் வீட்டின் உறுப்பினராக்கி அந்த வீட்டுப் பெயரைக் கொடுத்தது. பாட்டிக்குப் பாட்டி காலத்து மரபு என்று சொல்லப்படுவது, உண்மையில் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டம்.

இங்கிலாந்தின் கதை இதைவிடப் பழையது, வேரும் வேறு. மணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்ற கோட்பாடு அங்கே பல நூற்றாண்டுகள் இருந்தது. அந்த ஒரே ஆள் கணவன்தான். மனைவியின் சம்பாத்தியம் அவனுடையது, அவளாக ஒப்பந்தம் போட முடியாது, தன் பெயரில் வழக்குத் தொடுக்க முடியாது. தனி ஆளே இல்லாதவளுக்குத் தனிப் பெயர் எதற்கு என்பதுதான் அதன் தர்க்கம். 1870இலும் 1882இலும் வந்த சொத்துச் சட்டங்கள் அந்தக் கோட்பாட்டின் முதுகெலும்பை முறித்தன. பெயர் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: மனைவி பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தின் சட்டம் கட்டளையிடவில்லை. எல்லோரும் செய்தார்கள், எல்லோரும் செய்வதாலேயே அது சட்டம் போலத் தோன்றியது.

பிரான்ஸில் நிலைமை இன்னும் வியப்பானது. புரட்சிக் காலத்தில், 1794இல் வந்த ஒரு சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் சூடக்கூடாது என்றது. அந்தக் கொள்கை இன்றும் நிற்கிறது. மணமான பெண்கள் கணவர் பெயரில் அழைக்கப்படுவது வெறும் 'பயன்பாட்டுப் பெயர்'. சட்டப் பெயர் பிறந்தபோது பெற்றதே. ஆனாலும் தலைமுறைக் கணக்கில் பெண்கள், தங்கள் பெயர் மாறிவிட்டது என்றே நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவர்களில் லூசி ஸ்டோன் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிப்புக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் பாடுபட்டவர். 1855இல் ஹென்றி பிளாக்வெல்லை மணந்தார், பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1879இல் மாசசூசெட்ஸில் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்றார்கள். வாழ்நாள் முழுக்க எதற்காகப் போராடினாரோ, அதில் ஒரு துளி கைக்கு எட்டிய நேரம். கணவர் பெயரில் கையெழுத்திட்டால்தான் பதிவு செல்லும் என்றது நிர்வாகம். அவர் மறுத்துவிட்டார். வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. பெயர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

என்னென்ன வழிகள் உண்டு?

ஒருவர் மற்றவரின் பெயருக்கு மாறுவது முதல் வழி. நடைமுறையில் மனைவி மாறுவதே மிக அதிகம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆணை மணந்த பெண்களில் 79 சதவீதம் பேர் கணவர் பெயரை ஏற்றிருந்தார்கள், 14 சதவீதம் பேர் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள், 5 சதவீதம் பேர் இரண்டையும் இணைத்தார்கள். ஆண்களில் மனைவி பெயரை ஏற்றவர்கள் 5 சதவீதம். மனைவி பெயருக்கு மாறும் ஆண் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. இசைக்கலைஞர் ஜாக் ஒயிட் பிறந்தபோது ஜான் கில்லிஸ். மெக் ஒயிட்டை மணந்து அவர் பெயரை எடுத்துக்கொண்டார், அந்தப் பெயரில்தான் உலகம் அவரை அறியும்.

ஒரே பெயரால் கிடைப்பது என்ன? வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர் என்ற நெருக்கம். சிலருக்கு அது பெரிய மகிழ்ச்சி. பிறந்த வீட்டுப் பெயரோடு வலி மட்டுமே ஒட்டியிருக்கும் சிலருக்குப் புதுப் பெயர் ஒரு விடுதலையும்கூட. கணவர் பெயரை ஏற்கும் பெண்ணை அடிமை என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அவர் தேர்ந்தெடுத்தாரா, அல்லது வேறு வழி இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லையா என்பதுதான் முக்கியம்.

இருவரும் அவரவர் பெயரோடே இருப்பது இரண்டாவது வழி. எந்தத் தாளையும் மாற்ற வேண்டாம். தொழிலில் சேர்த்த நற்பெயர் அறுந்துபோகாது. சிரமமெல்லாம் வெளியிலிருந்து வரும். வாழ்த்து அட்டையில் தவறான பெயர் எழுதி அனுப்புவார்கள். இவர் உங்கள் மனைவிதானா என்று ஏதோ ஒரு மேசையில் கேட்பார்கள். அதிலும் கூர்மையானது, குழந்தையோடு தனியாக எல்லை கடக்கும் தாயோ தந்தையோ, பெயர் வேறாக இருந்தால் உறவை நிரூபிக்கச் சொல்லிக் கேட்கப்படலாம் என்பது. பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்திருந்தால் தீர்ந்தது.

மூன்றாவது, இரண்டு பெயர்களையும் சேர்த்துக்கொள்வது. நடுவில் ஒரு சிறு கோடு போட்டோ, போடாமலோ. இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும். 1926இல் மணந்தபோது இருவருமே ஜோலியோ-கியூரி ஆனார்கள். மனைவி மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை, கணவரும் சேர்த்துக்கொண்டார். அதே சமயம் அறிவியல் கட்டுரைகளில் ஐரீன் கியூரி என்றும் ஜோலியோ என்றும் தனித்தனியாகவே கையெழுத்திட்டார்கள். 1935இல் வேதியியல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர் என்று சுமுகமாகப் பிரித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இணைப்புப் பெயரில் உள்ள சிக்கல் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். இரட்டைப் பெயருள்ள ஒருவர் இரட்டைப் பெயருள்ள இன்னொருவரை மணந்தால் நான்கு பெயர்கள். எங்கோ ஒரு இடத்தில் வெட்டியாக வேண்டும். ஸ்பெயினில் பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பெயர்தான் குழந்தைக்குப் போகும் என்று தெளிவான விதி இருப்பதால் நூற்றாண்டுகளாக அது முடிச்சு விழாமல் ஓடுகிறது.

நான்காவது, புதிதாக ஒன்றைப் படைப்பது. லாஸ் ஏஞ்சலஸ் மேயராக இருந்த அந்தோனியோ வியரய்கோசாவின் பெயர் அப்படி வந்தது. அவர் வியர், அவர் மணந்த பெண் ரய்கோசா. 1987இல் இரண்டையும் உருக்கி ஒன்றாக வார்த்தார்கள். பின்னாளில் அந்த மணம் முறிந்தது, பெயர் அவரோடு நின்றுவிட்டது. பல நாடுகளில் இப்படிப் புதுப் பெயர் எடுக்க மணச் சான்றிதழ் மட்டும் போதாது, தனியாகப் பெயர் மாற்ற நடைமுறைக்குள் போக வேண்டியிருக்கும்.

ஐந்தாவதாகச் சொல்ல வேண்டியது, சட்டத்தில் ஒரு பெயர், புழக்கத்தில் ஒரு பெயர். ஆவணங்களில் எதையும் தொடாமல், உறவினர் நடுவில் மட்டும் துணையின் பெயரால் அழைக்கப்படுவது. பலர் திட்டமிடாமலே இதற்கு வந்து சேர்கிறார்கள்.

ஒரே பாலினத்தவர் மணக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நெதர்லாந்து 2001இல் முதன்முதலாக அதைச் சட்டமாக்கியது, பிறகு பல நாடுகள் தொடர்ந்தன. அங்கே யார் மாற வேண்டும் என்று வழக்கம் எதுவும் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். எல்லா ஜோடிகளுக்கும் அந்தப் பேச்சு வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

ஆசைப்பட்டதையெல்லாம் எல்லா நாட்டிலும் செய்ய முடியாது. இரண்டு எதிரெதிர் முனைகளைப் பார்த்தால் நடுவில் உள்ளவை தானாகப் புரியும்.

ஒரு முனையில் ஜப்பான். அங்கே குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவுப்படி தம்பதிக்கு ஒரே குடும்பப்பெயர்தான் இருக்க வேண்டும். கணவருடையதாகவும் இருக்கலாம், மனைவியுடையதாகவும் இருக்கலாம் என்கிறது சட்டம். எழுத்தில் முழுச் சமத்துவம். நடைமுறையில் சுமார் 95 சதவீத ஜோடிகள் கணவர் பெயரையே எடுக்கிறார்கள். மணப் பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்களில் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும், குறிக்காமல் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். இந்த விதியை எதிர்த்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் அதைச் செல்லும் என்றே சொன்னது. 2015இல் அமர்வில் இருந்த 15 நீதிபதிகளில் மூவர் பெண்கள். மூவருமே இந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கருதினார்கள். பெயரை இழந்து பார்க்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும்.

மறு முனையில் கனடாவின் கியூபெக். 1981 ஏப்ரல் முதல் அங்கே மணமான இருவரும் பிறந்த பெயரிலேயே சட்டக் காரியங்களைச் செய்ய வேண்டும். கணவர் பெயருக்கு மாற விரும்பும் பெண்ணாலும் மணத்தைக் காரணம் காட்டி மாற முடியாது. கிரேக்கமும் 1983இல் இதே வழியில் போனது. பல ஆண்டுகள் கழித்து, விரும்பினால் துணையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சற்றுத் தளர்த்தியது. சமத்துவத்துக்காகக் கொண்டுவந்த விதி, தேர்வையே எடுத்துக்கொள்வது சரியா என்ற வாதம் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. ஆனால் ஊரின் அழுத்தத்தைச் சட்டம் தாங்கிக்கொண்டதால், "ஏன் மாறவில்லை?" என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை.

ஜெர்மனி நடுவில் நின்று மெல்ல மெல்ல நகர்ந்தது. ஜோடி எதையும் சொல்லவில்லை என்றால் கணவர் பெயர்தான் என்ற விதியை அரசியல் சட்ட நீதிமன்றம் 1991இல் அடித்து நொறுக்கியது. அதன்பின் தனித்தனிப் பெயரோடு இருக்க வழி பிறந்தது. இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ள 2025 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துருக்கியில் மனைவி கணவர் பெயரை ஏற்றே ஆக வேண்டும் என்ற பிரிவை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. ஐக்கிய நாடுகள் சபை 1979இல் ஏற்ற, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுப்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே உரிமை என்று சொல்கிறது. கையெழுத்திட்ட நாடுகள் அங்கே வந்து சேர எத்தனை பத்தாண்டுகள் எடுக்கின்றன பாருங்கள்.

இருவரும் இரு நாட்டவர் என்றால், பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு நாட்டுத் தூதரகங்களிலும் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாடு ஏற்ற பெயரை மற்ற நாடு ஏற்காமல், ஒரே ஆளுக்கு இரண்டு பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர் என்று சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

குழந்தைக்கு எது?

பல ஜோடிகள் தங்களுக்குள் எளிதாக முடித்துவிட்டு இங்கே வந்து தடுமாறுகிறார்கள். இருவரும் அவரவர் பெயரோடு இருக்கலாம் என்று முடிவெடுத்த வீடுகளிலும் குழந்தைக்குத் தந்தை பெயர் என்பது பேசாமலே நடந்துவிடுகிறது. பேசி அப்படி முடிவெடுத்தால் சரி. பேசாமல் நடப்பதுதான் பின்னால் மனக்கசப்பாகிறது.

ஒத்துப்போகாத பெற்றோருக்குச் சில நாடுகள் விதி வைத்திருக்கின்றன. பிரான்ஸில் கருத்து வேறுபாட்டைப் பதிவாளரிடம் தெரிவித்தால் இரண்டு பெயர்களையும் அகர வரிசையில் வைத்துவிடுவார்கள். ஸ்பெயினில் 2017 முதல் தந்தை பெயர்தான் முதலில் என்ற முன்னுரிமை போய்விட்டது. பெற்றோர் சேர்ந்து வரிசையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குழந்தையின் நலனைக் கருதிப் பதிவாளர் முடிவு செய்வார். இத்தாலியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2022இல், தானாகத் தந்தை பெயர் ஒட்டுவது செல்லாது, வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் இருவர் பெயரும் குழந்தைக்கு வர வேண்டும் என்றது. முதல் குழந்தைக்கு ஒருவர் பெயர், இரண்டாவதற்கு மற்றவர் பெயர் என்று நினைப்பவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரே பெயர்தான்.

தாளும் கையெழுத்தும்

மாற்றுவது என்று முடிவானால் வரிசை முக்கியம். மணச் சான்றிதழ் முதலில். அதற்குச் சான்றளித்த நகல்கள் சில வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். அடுத்து நாட்டின் அடிப்படை அடையாள அட்டை, பிறகு பாஸ்போர்ட், பிறகு வங்கி. ஊதியம், வரி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், சொத்துப் பத்திரம், உயில் எல்லாம் அதற்குப் பின்னால். பட்டச் சான்றிதழ்களைப் பல பல்கலைக்கழகங்கள் மாற்றித் தருவதில்லை. அவற்றோடு மணச் சான்றிதழின் நகலையும் சேர்த்தே வைத்துக்கொள்வதுதான் வழி.

ஆய்வாளர், எழுத்தாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் ஒரு கணம் கூடுதலாக யோசிக்க வேண்டும். பழைய பெயரில் வந்த கட்டுரையும் புதுப் பெயரில் வந்த கட்டுரையும் இரண்டு வேறு ஆட்களுடையவை என்றே தேடுபவருக்குத் தோன்றும். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண், பெயர் மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்ட உதவுகிறது. மாற்றுவதற்கு முன்பே அதை எடுத்து வைப்பது நல்லது.

மணம் முறிந்தாலும், இன்னொரு மணம் நடந்தாலும் இதே கேள்வி திரும்ப வரும். ஏங்கலா மெர்கல் பிறந்த பெயர் காஸ்னர். மெர்கல் என்பது 1982இல் பிரிந்த முதல் கணவரின் பெயர். 1998இல் யோவாகிம் சாவரை மணந்தபோது மாற்றிக்கொள்ளவில்லை. 16 ஆண்டுகள் ஜெர்மனியை ஆண்டது அந்தப் பெயரில்தான். யாரிடமிருந்து வந்தாலும், உழைத்து நிரப்பிய பிறகு பெயர் உரியவருடையதாகிவிடுகிறது.

நெடுநாள் வங்கிகள் வாடிக்கையாளரை உறுதிசெய்ய ஒரு ரகசியக் கேள்வி கேட்டு வந்தன: "உங்கள் அம்மாவின் மணத்துக்கு முந்தைய பெயர் என்ன?" அம்மாவின் பெயர் அவ்வளவு முழுமையாக மறைந்துபோயிருக்கும், வெளியாருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை என்ற நம்பிக்கையில் அமைந்த கேள்வி அது. அதைப் படிவத்தில் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்திருக்கிறது.

எப்போது, எப்படிப் பேசுவது?

படிவம் கைக்கு வருவதற்கு முன்பு, உறவினர்கள் அருகில் இல்லாத ஒரு நேரத்தில். "நீ மாற்றிக்கொள்வாயா?" என்று தொடங்காமல், "நம் இருவரின் பெயரும் என்ன ஆகலாம்?" என்று தொடங்கிப் பாருங்கள், பேச்சின் போக்கே மாறிவிடும். பிறகு இடத்தை மாற்றி உட்கார்ந்து யோசியுங்கள். நாளைக் காலை முதல் துணையின் பெயரில் உங்களை அழைத்தால், அந்தப் பெயரில் நீங்கள் கையெழுத்திட்டால், உங்கள் வேலை அந்தப் பெயரில் அறியப்பட்டால் எப்படி இருக்கும்? மாற வேண்டாம் என்று எதிர்பார்க்கப்படுபவர் இதை நேர்மையாக ஒருமுறை நினைத்துப் பார்த்தாலே, மாறச் சொல்லப்படுபவரின் தயக்கம் பாதி புரிந்துவிடும். பெயருக்கு வாரிசாக ஒரே பிள்ளையாய் நிற்பவர், அப்பாவின் நினைவாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பவர், உச்சரிக்கவே வராத பெயரோடு பள்ளி முழுவதும் அல்லல்பட்டவர் என்று ஒவ்வொருவரிடமும் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். அதைக் கேட்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

அன்றே முடிவாகவில்லை என்றால் அவசரமும் இல்லை. பல நாடுகளில் மணமான பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம்: மணம் முடிந்த கையோடு வெளிநாட்டுப் பயணம் என்றால், டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே இருக்கட்டும். போய்த் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம்.